முதல் வாரம் கேமரா வேண்டாம்: இதழியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதழியல், காட்சித் தொடர்பியல் துறைகளின் தலைவர்களுக்கு,

வணக்கம்.

இறுதியாண்டு மாணவர்களை அனுபவமுள்ள செய்திப் புகைப்படக்காரர் ஒருவரிடம் களப்பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள். அனுப்புவதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. அனுப்பும் விதத்தில்தான் வழக்கு. தோளில் கேமரா, கையில் சான்றிதழ்ப் படிவம், முடிவில் ஒப்படைக்க வேண்டிய இருபது 'நல்ல படங்கள்' என்று மாணவர் வந்து நிற்கிறார். அவர் அந்த இருபதைத் தேடி ஓடுவார். மூத்தவர் தன் அச்சு நேரத்தைத் துரத்தி ஓடுவார். ஒரே நிகழ்வில் இருவரும் தனித்தனியாகப் படமெடுத்துவிட்டுப் பிரிவார்கள். படிவத்தில் கையெழுத்து விழும், மாணவருக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது.

களத்தில் வேலை செய்யும் நாங்கள் கேட்பது இதுதான். மதிப்பெண்ணை இருபது படங்களுக்குக் கொடுக்காதீர்கள். ஷட்டரை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைக்குக் கொடுங்கள். வகுப்பறையில் கற்றுத்தர முடியாதது அதுதான், மூத்தவரின் பக்கத்தில் நின்றால் மட்டுமே பிடிபடுவதும் அதுதான். அது என்ன வேலை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இதை வைத்துத்தான் உங்கள் படிவத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

முதல் வாரம் மாணவரிடம் கேமரா இருக்கக் கூடாது. குறிப்பேடும் பேனாவும் போதும். மூத்தவர் எடுக்கும் ஒவ்வொரு முக்கியப் படத்துக்கும் பெயர், பொறுப்பு, இடம், நேரம் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுப்பது அவர் வேலை. எளிதாகத் தோன்றும், செய்து பார்த்தால் தெரியும். பெயரைக் காதால் கேட்டு எழுதினால் தவறும், ஒரே உச்சரிப்புக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. சம்பந்தப்பட்டவரையே குறிப்பேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதிய பக்கத்தை மூத்தவரின் கேமராவிலேயே அடுத்த படமாக எடுத்துவிட்டால் முகமும் பெயரும் கார்டில் அடுத்தடுத்து நிற்கும், பிறகு மாறிப்போக வழியில்லை. குழுப் படம் என்றால் இடமிருந்து வலமாக எழுத வேண்டும், அதுவும் படத்தைப் பார்ப்பவரின் இடமிருந்து. பெயர் கேட்க நேரம் கிடைக்காத கூட்டத்தில் 'நீலச் சட்டை, கண்ணாடி, இடது கையில் கட்டு' என்று அடையாளம் எழுதி, பக்கத்தில் நேரத்தைப் போட்டு வைத்தால் பின்னால் தேடிப் பிடிக்கலாம்.

நேரம் என்றதும் கடிகாரம். இரண்டு கேமராவோடு வேலை செய்பவர் கிளம்பும் முன் இரண்டின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்குவார். விநாடி காட்டும் கைபேசித் திரையை இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு. கடிகாரம் தவறியிருந்தாலும் எவ்வளவு தவறியது என்பது பதிவாகியிருக்கும், மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? நீள லென்ஸ் மாட்டிய கேமரா நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தால், படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது இரண்டாவதாகப் பேசியவரின் நெருக்கப் படம் முதலில் பேசியவரின் படங்களுக்கு நடுவே போய் உட்காரும். அவசரத்தில் அதன் கீழே முதலாமவரின் பெயர் ஏறிவிடும். அச்சான மறுநாள் திருத்தம் வெளியிட வேண்டிவரும். நேர மண்டலம் மாறும் பயணத்தில் இந்தக் குழப்பம் மணிக்கணக்கில் வரும்.

அடுத்தது படக்குறிப்பு. உங்கள் மதிப்பீட்டில் இதற்குப் பாதி மதிப்பெண் ஒதுக்கினாலும் தகும் என்பது எங்கள் கருத்து. செய்தி முகமைகளின் வழக்கம் இரண்டு வாக்கியங்கள். முதல் வாக்கியம் படத்தில் தெரிவதைச் சொல்லும்: யார், என்ன செய்கிறார், எங்கே, எந்த நாளில். இரண்டாவது வாக்கியம் படத்தில் தெரியாத பின்னணியைச் சொல்லும். இவ்வளவுதான் இலக்கணம். தவறு நுழைவது வினைச்சொல்லில். கண்ணீர்ப்புகையால் கண் கலங்கி நிற்பவரை 'சோகத்தில் கதறுகிறார்' என்று எழுதிவிடுவார்கள். ஒரு நபர் கையை உயர்த்தியிருப்பார், அது 'ஆவேச முழக்கம்' ஆகிவிடும், அவரோ பின்வரிசை நண்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். கூட்டத்தின் எண்ணிக்கையை யார் சொன்னார் என்று குறிக்காமல் எழுதுவதும் இதே வகை. கேட்டதையும் கண்டதையும் எழுத வேண்டும், ஊகத்தை எழுதக் கூடாது. இதை மாணவர் அலுவலகத்துக்கு வந்து எழுதினால் காலம் கடந்திருக்கும். நிகழ்விடத்தை விட்டு நகரும் முன் முதல் குறிப்பு எழுதப்பட்டிருந்தால்தான் சந்தேகம் வந்தவுடன் திரும்பிப் போய்க் கேட்க ஆள் இருப்பார்.

குறிப்பு கோப்புக்கு உள்ளேயே ஏற வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்க முடியும். படத்தைப் பற்றிய தகவலைக் கோப்புக்குள்ளேயே பதியும் ஐபிடிசி எனப்படும் மெட்டாடேட்டாத் தரத்தில் தலைப்பு, விளக்கம், எடுத்தவர், உரிமை, நகரம், நாடு, எடுத்த நாள், குறிச்சொற்கள் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. எல்லாவற்றையும் விளக்கக் கட்டத்தில் கொட்டிவிட்டு மற்றதைக் காலியாக விடுவதுதான் புதியவர்களின் வழக்கம். அன்றைக்கு யாருக்கும் உறுத்தாது. சில ஆண்டுகள் கழித்து ஆவணக் காப்பகத்தில் ஊர்ப் பெயரை வைத்துத் தேடும்போது அந்தப் படம் கிடைக்காது. ஃபோட்டோ மெக்கானிக் போன்ற மென்பொருள்களில் சுருக்கக் குறியீட்டு வசதி உண்டு. விளையாட்டுப் போட்டிக்கு முன்பே சட்டை எண்ணையும் வீரர் பெயரையும் இணைத்துப் பட்டியல் ஏற்றி வைத்தால், ஆட்ட நேரத்தில் எண்ணைத் தட்டினால் போதும், முழுப்பெயர் வந்து விழும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை மாணவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு போட்டிக்குச் செய்தாலே எழுத்துக்கூட்டலின் அருமை புரிந்துவிடும்.

இரண்டாவது வாரம் கேமராவைக் கொடுக்கலாம், ஒரே ஒரு லென்ஸோடு. ஜூம் ஆகாத 35 அல்லது 50 மி.மீ. நிலைக் குவிய லென்ஸ் நல்லது. ஜூம் கையில் இருந்தால் கால் நகராது. கூடவே மூத்தவர் எங்கே நிற்கிறார், ஏன் அங்கே நிற்கிறார் என்பதை எழுதிக்கொண்டே வர வேண்டும். செய்தியாளர் சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், சலிப்பான நிகழ்வு, பயிற்சிக்கு அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. மூத்தவர் முக்கால் மணி நேரம் முன்பே வந்திருப்பார். மேடைக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது, பேசுபவரின் தலைக்குப் பின்னே பதாகையின் எந்த எழுத்து விழும் என்று பார்ப்பார். ஒலிவாங்கி வாயை மறைக்காத கோணம் எது என்று இரண்டடி இடமும் வலமும் நகர்ந்து பார்ப்பார். யாரையாவது மேடையில் நிற்கச் சொல்லி ஒளி அளவு சோதிப்பார். வெள்ளைத் திரை பின்னால் இருந்தால் தானியங்கி அளவீடு முகத்தைக் கருக்கிவிடும். ஆகவே முகத்தை அளந்து கையால் அமைத்து வைத்துவிடுவார். வீடியோக்காரர்களின் பார்வைக் கோட்டை மறைக்காமல் தன் இடத்தைப் பிடித்துவைப்பதும் இந்த முக்கால் மணி நேரத்துக்குள் முடியும்.

விளக்கு மினுமினுப்பு அங்கேதான் முதலில் கடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல்விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கும். 1/500 விநாடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சிலவற்றில் பாதி மட்டும் நிறம் மாறியும் வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் அடங்கும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/125 அல்லது 1/60. எல்ஈடி விளக்குகளுக்கு இந்தக் கணக்கு பல நேரம் பொருந்தாது, அவற்றின் துடிப்பு வேறு. சத்தம் வராதிருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் போட்டுவைத்தவருக்குப் படம் முழுக்க வரிவரியாகப் பட்டை விழும். இயந்திர ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகும். இதையெல்லாம் நிகழ்வு தொடங்குவதற்கு முந்தைய சோதனைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பின்திரையில் முழுப்படமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது.

ஷட்டர் வேகம் நடப்பவருக்கு 1/250 விநாடி, ஓடுபவருக்கு 1/500க்குக் குறையாமல், விளையாட்டுக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். லென்ஸ் துளையையும் ஷட்டர் வேகத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடுவது வெளியே ஓடி உள்ளே நுழையும் வேலைக்கு வசதி. இரைச்சல் எனப்படும் புள்ளிகள் உள்ள கூர்மையான படத்தை அச்சிடலாம், கலங்கிய படத்தை என்ன செய்தும் அச்சிட முடியாது. முகம் தேடும் குவியம் கூட்டத்தில் தவறான முகத்தைப் பிடிக்கும் என்பதால் அங்கே ஒற்றைப் புள்ளிக்கு மாறுவார்கள். மழை, ஈரப்பதம் பற்றி ஒரு வரி: குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு கேமராவை அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் பனி படியும். உள்ளேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லோரும் ஒரே பக்கம் கேமராவைத் திருப்பியிருக்கும் நேரத்தில் மூத்தவர் திரும்பி நின்று கூட்டத்தின் முகங்களை எடுப்பார். இதைப் பார்த்து மாணவர்களும் எல்லா நேரமும் திரும்பி நின்று மேடையைக் கோட்டைவிடுகிறார்கள். முதலில் கடமைப் படம் கையில் வந்திருக்க வேண்டும். ஆசிரியர் கேட்ட ஒரு படத்தை முதல் பத்து நிமிடத்திலேயே அனுப்பிவிட்டவருக்குத்தான் திரும்பிப் பார்க்க உரிமை.

இனி ஆபத்து. பெரும்பாலான பயிற்சித் திட்டங்களில் இதற்கு ஒரு பத்திகூட இல்லை. போராட்டக் களத்தில் மாணவர் காவலர்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கலாம், ஆனால் முட்டுச்சந்தில் நிற்கக் கூடாது. வெளியேற இரண்டு வழிகளை முன்கூட்டியே நடந்து பார்த்திருக்க வேண்டும். கண்ணீர்ப்புகை எதிர்பார்க்கும் இடத்துக்கு கான்டாக்ட் லென்ஸ் அணிந்து போகக் கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கத்தில், முடிந்தால் உயரமான இடத்தில் நிற்க வேண்டும். புகை காற்றைவிடக் கனம், தாழ்விடங்களில் தங்கும். கண்ணைத் தேய்க்காமல் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். வியூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்திருக்கும்போது மற்ற கண்ணைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பழக்கச் சொல்லுங்கள். கல் பக்கவாட்டிலிருந்துதான் வரும்.

2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ரட்டாவில் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹோண்ட்ரோஸ் ஆகிய இரு புகைப்படக்காரர்கள் தாக்குதலில் இறந்தார்கள். ஹெதரிங்டன் காலில் பட்ட காயத்தால் இரத்தம் இழந்து இறந்தார். அதன் பின்னர் அவருடைய சகாவான செபாஸ்டியன் யுங்கர், தனித்தியங்கும் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்றுத்தர ஓர் அமைப்பையே தொடங்கினார். போர்முனைக்குப் போகாத மாணவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. கை காலில் உள்ள பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும், ஆம்புலன்ஸ் அதற்குள் வராது. இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே பட்டையைக் காயத்துக்கு மேலே, உடலை நோக்கிய பக்கத்தில், ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும், மூட்டின் மீது கட்டக் கூடாது. இரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும், வலிக்கிறதே என்று பாதியில் விடக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். மருத்துவரிடம் சேரும்வரை தளர்த்தக் கூடாது. கையால் இரண்டு முறை கட்டிப் பழகாத மாணவரைக் கூட்டம் கூடும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். கல்லூரி இதற்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பதை நீங்கள் வகுப்பிலேயே சொல்லியிருப்பீர்கள். சொன்னால் ஏறுவதில்லை. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் 2015ஆம் ஆண்டு இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, திருத்தல் வேலை காரணமாகத் தள்ளப்பட்டது. அங்கே வருபவர்கள் புதியவர்கள் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தி முகமை, சிரியப் போர்ப் படம் ஒன்றின் மூலையில் தெரிந்த சக பத்திரிகையாளரின் வீடியோ கேமராவை அழித்துவிட்ட ஒரு புகைப்படக்காரருடன் உறவை முறித்துக்கொண்டது. அவர் புலிட்சர் விருது பெற்ற குழுவில் ஒருவர். அழித்த பொருள் செய்திக்குச் சம்பந்தமே இல்லாதது. அதனால்தான் இந்த உதாரணம் மாணவர்களுக்கு உதவும்: கை தவறுவது பொய் சொல்லும் எண்ணத்தால் அல்ல, படம் 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்ற ஆசையால். மூத்தவரின் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வெட்டுவது எவ்வளவு, ஒளியைக் கூட்டுவது எவ்வளவு, எந்த இடத்தில் கையை எடுத்துவிடுகிறார் என்று பார்க்க வேண்டும். இடையூறான கம்பியை எடிட்டிங்கில் அழிக்க முடியாது என்று தெரிந்தவர் களத்தில் ஓரடி நகர்ந்து நிற்பார்.

அதே அக்கறை, அடையாளம் காட்டக் கூடாதவர்கள் விஷயத்திலும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சட்டச் சிக்கலில் உள்ள குழந்தை, பெயர் வெளியிடாமல் பேசும் சாட்சி ஆகியோரை நிழலுருவமாக எடுப்பது வழக்கம். கேமரா பதப்படுத்தாமல் பதியும் ரா கோப்பில் அந்த இருட்டைத் தூக்கினால் முகம் தெரிந்துவிடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. எடுக்கும்போதே முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும், வெளியே போகும் பிரதி இறுதி ஜேபெக்காக மட்டும் இருக்க வேண்டும். இருப்பிடப் பதிவை அணைத்திருக்க வேண்டும். சில மென்பொருள்கள் வெட்டிய படத்துக்குள் வெட்டாத பழைய சிறுபடத்தையே விட்டுவைக்கும். ஆகவே அனுப்பும் முன் மெட்டாடேட்டாவைத் திறந்து பார்க்க வேண்டும். பின்னணியில் உள்ள வீட்டு எண், பள்ளிச் சீருடை, வண்டி எண் ஆகியவையும் முகத்தைப் போலவே காட்டிக்கொடுக்கும்.

யாராவது மிரட்டிப் படங்களை அழிக்கச் சொன்னால் வாதாடி அடி வாங்க வேண்டியதில்லை. அழித்துவிட்டு, அந்தக் கார்டில் அடுத்து ஒரு படம்கூட எடுக்காமல் உடனே கழற்றி வைக்க வேண்டும். அழித்தல் பெரும்பாலும் பட்டியலை மட்டுமே நீக்கும், படத்தின் தரவு மேலெழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்டுவிடலாம். இரண்டு கார்டு இடமுள்ள கேமராவில் ஒன்றில் ரா, மற்றதில் ஜேபெக் என்று பதிவு செய்பவருக்கு இன்னொரு வாய்ப்பும் மிஞ்சும்.

எங்களைக் கேட்டால், பயிற்சியின் மிகப் பயனுள்ள நேரம் களத்தில்கூட இல்லை, மறுநாள் காலையில் இருக்கிறது. மாணவர் எடுத்த எல்லாப் படங்களையும், ஒன்றையும் நீக்காமல், நேர வரிசையில் திறந்து மூத்தவருடன் உட்கார வேண்டும். கேமராவிலேயே அழிக்கும் பழக்கத்தை முதலில் தடுக்க வேண்டியது இதற்காகத்தான். தேர்ந்தெடுத்த பத்துப் படம் மாணவரின் ரசனையைத்தான் சொல்லும். நானூறு படமும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைச் சொல்லிவிடும். ஒரே இடத்தில் நாற்பது படம் நின்றுவிட்டார், எல்லாம் கண் மட்டத்தில், உச்சத் தருணத்துக்குச் சற்று முன் கேமராவை இறக்கித் திரையைப் பார்த்திருக்கிறார், நேரப் பதிவில் பதினைந்து விநாடி இடைவெளி விழுந்திருக்கிறது. தொடர் வேகத்தில் முப்பது படம் சுட்டிருக்கிறார், அதில் கண் திறந்திருப்பது ஒன்று, அதைத் தேடியதில் அனுப்பும் நேரம் போயிற்று. இப்படி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டலாம். அதே மேசையில் மூத்தவர் தான் நிராகரித்த படங்களையும் திறந்து காட்ட வேண்டும். இதற்குச் சிலர் கூச்சப்படுவார்கள். கூச்சப்படுபவரிடம் மாணவரை அனுப்ப வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் சொல்ல இருக்கிறது. விருதுப் பட்டியலைப் பார்த்து அழைக்காதீர்கள். தினமும் படம் அனுப்பிக்கொண்டிருப்பவர், குறிப்பில் பிழை வந்தால் தானே தொலைபேசியில் கூப்பிட்டுத் திருத்துபவர், இடத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்புபவர், இவரே தகுதியானவர். ஒருவருக்கு ஒரு மாணவர் போதும். மூன்று பேரை அழைத்துக்கொண்டு துக்க வீட்டுக்குள் நுழைய முடியாது, அனுமதியும் கிடைக்காது. அத்தகைய இடத்தில் மாணவர் வாசலிலேயே நிற்கட்டும், 'இங்கே எடுக்க வேண்டாம்' என்று மூத்தவர் முடிவெடுத்த தருணங்களைக் குறிப்பேட்டில் எழுதட்டும், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

ஆகவே புதிய படிவத்தில் இவை இருக்கட்டும்: முதல் வாரக் குறிப்பேடு, மூத்தவர் சரிபார்த்த முப்பது படக்குறிப்புகள், முழு நேர வரிசையோடு மூன்று நிகழ்வுகளின் எல்லாப் படங்களும், முதலுதவிப் பயிற்சிச் சான்று. ஆபத்தான இடத்துக்கு வர மாட்டேன் என்று மாணவர் மறுத்தால் மதிப்பெண் குறையாது என்ற வரியும், விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு என்ற வரியும் எழுத்தில் வேண்டும். மாணவரை மூத்தவரின் இலவச உதவியாளாக்கவோ, மாணவர் எடுத்த படத்தை மூத்தவர் பெயரில் வெளியிடவோ இடம் கொடுக்கக் கூடாது. மறுபுறம், மறுநாள் காலையில் மேசைக்கு முன் அமரும் இரண்டு மணி நேரம் மூத்தவருக்கு வருமானமில்லாத நேரம். அந்த நேரத்துக்குக் கல்லூரி ஊதியம் தர வேண்டும், சான்றிதழும் சால்வையும் அதற்கு ஈடாகாது.

வரும் கல்வியாண்டுப் பாடத்திட்டத்தை முடிவு செய்யும் முன் உங்கள் துறைக் கூட்டத்தில் இந்த மடலைப் படியுங்கள். படிவத்தின் வரைவை அனுப்பினால் வரிவரியாகத் திருத்தித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
களத்தில் பணிபுரியும் செய்திப் புகைப்படக்காரர்கள் சிலர்